ரடர் பெடல் வாங்கலாமா?

ஐசலினில் எங்கள் வீட்டு கராஜில் ஒரு டெலஸ்கோப் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மகன் கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். நிலாவைப் பார்த்தோம், வியாழனைப் பார்த்தோம், ஒரு குளிர்காலம் வந்தது, அதோடு சரி. அதற்குப் பக்கத்தில் உறை போட்ட கீபோர்டு ஒன்று நிற்கிறது. அதன் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அதனால் போன அக்டோபரில் அவன் சாப்பாட்டு மேஜையில் "அப்பா, எனக்கு ரடர் பெடல் வேணும்" என்று ஆரம்பித்தபோது, மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கராஜ்ல இடம் இருக்கா?"

அவனுக்கு 11 வயது. இரண்டு வருஷமாக மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் பறக்கிறான். காற்று வடக்கிலிருந்து அடிக்கும் நாள்களில் நியூவர்க்கில் இறங்கும் விமானங்கள் எங்கள் பகுதிக்கு மேலேதான் தாழ வரும். சத்தத்தை வைத்தே "இது போயிங், இது ஏர்பஸ்" என்பான். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, தலையாட்டி வைப்பேன். கையில் ஒரு ஜாய்ஸ்டிக், இடது பக்கம் ஒரு த்ராட்டில், அவ்வளவுதான் இதுவரை. இப்போது காலுக்கும் கேட்கிறான்.

ஏன் திடீரென்று கால்? அதற்கு ஒரு காரணம் இருந்தது.

இ.ஏ.ஏ. என்ற விமான ஆர்வலர் அமைப்பு 1992 முதல் 'யங் ஈகிள்ஸ்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. 8 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகளை, தன்னார்வ விமானிகள் சின்ன விமானத்தில் இலவசமாக ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். இதுவரை 20 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் பறந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பறக்கும் ஆசை உள்ள பிள்ளை இருந்தால், ஒரு டாலர்கூடச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். நான் அதை இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, மத்திய ஜெர்ஸியில் ஒரு சின்ன விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவன் செஸ்னாவில் வலது சீட்டில் உட்கார்ந்து போனான். இருபது நிமிஷம். இறங்கி வந்தபோது முகத்தில் நான் எதிர்பார்த்த சிரிப்பு இல்லை. வயதான அந்த விமானி என்னிடம் சொன்னார்: கை நன்றாக இருக்கிறது, திசை புரிகிறது, ஆனால் பையனுக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. அதோடு ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் கருவிகளையே பார்க்கிறான், சிமுலேட்டர் பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் வருகிறார்கள் என்றும் சிரித்தார். காரில் வரும்போது இவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மெட்ரோபார்க் ஸ்டேஷன் தாண்டியதும், "அப்பா, எனக்கு ஃப்ளை பண்ணத் தெரியும்னு நெனச்சேன்" என்றான்.

எனக்கு அந்த வாக்கியம் பெடலை விடப் பெரிய விஷயமாகப் பட்டது. அதனால்தான் "அதெல்லாம் வேண்டாம்" என்று உடனே சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ரடர் என்பது கப்பலில் நாம் சுக்கான் என்று சொல்கிறோமே, அதன் அண்ணன் தம்பி. விமானத்தின் வாலில் செங்குத்தாக நிற்கும் பலகை. ஆனால் கப்பலைச் சுக்கான் திருப்புவது போல ரடர் விமானத்தைத் திருப்புவதில்லை. விமானம் சாய்ந்துதான் திரும்புகிறது. இடது பக்கம் சாய்க்கும்போது வலது இறக்கையின் ஓரத்தில் உள்ள பலகை கீழே இறங்கும், அந்த இறக்கை மேலே எழும். ஆனால் எழும் இறக்கைக்குக் காற்று இழுவையும் அதிகம். அதனால் மூக்கு ஒரு கணம் வலது பக்கமே இழுத்துக்கொண்டு போகும். அதைச் சரிசெய்யத்தான் இடது கால். கால் வேலை செய்யாவிட்டால் விமானம் நண்டு மாதிரி கோணலாகப் போகும். ஆட்டோ வேகமாக வளைவு திரும்பினால் பின் சீட்டில் ஒரு பக்கமாகச் சரிவோமே, அதே மாதிரி உள்ளே இருப்பவர் சரிவார். கருவிப் பலகையில் வளைந்த குழாய்க்குள் ஒரு குண்டு இருக்கும். அது நடுவில் நிற்கிறதா என்பதுதான் காலுக்கு மார்க் போடும் வாத்தியார். என் மகன் பறந்தபோது அந்தக் குண்டு ஓரத்திலேயே கிடந்ததாம்.

சரி, இரண்டு வருஷமாக வீட்டில் எப்படி ஒழுங்காகப் பறந்தான்? செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். 'ஆட்டோ ரடர்' என்ற உதவி ஆன் ஆகியிருந்தது. முதல் நாள் 'சுலபம்' என்று எதையோ அமுக்கியது நான்தான். அதன் பிறகு அவனுடைய கால் வேலையை எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தது, அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். டீஃபால்ட்டை நம்பாதே என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுப்பவன்.

அதை ஆஃப் செய்துவிட்டு மகனைக் கூப்பிட்டேன். ரன்வேயில் த்ராட்டிலை முழுசாகத் தள்ளினான். விமானம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு புல்லில் இறங்கியது. மறுபடி தள்ளினான், மறுபடி புல். ஒற்றை இஞ்சின் விமானத்தில் விசிறி சுற்றும் விதத்தால் புறப்படும்போது மூக்கு இடது பக்கம் இழுக்கும், வலது காலால் பிடித்து வைக்க வேண்டும். அவன் ஜாய்ஸ்டிக்கில் கைப்பிடியைத் திருகினால் ரடர் அசையும், அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. "ரெண்டு வாரம் இதுலயே பழகு. அப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா பேசலாம்" என்றேன். மனைவிக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது. இரண்டு நாளில் மறுபடி ஆட்டோ ரடரை ஆன் செய்துவிடுவான் என்று அவள் கணக்கு. உண்மையைச் சொன்னால் என் கணக்கும் அதுதான்.

செய்யவில்லை.

நாலாவது நாள் நேராகக் கிளம்ப ஆரம்பித்தான். பத்தாவது நாள் ஒரு பிரச்சினையோடு வந்தான். சிமுலேட்டரில் நம் லிண்டன் விமான நிலையத்தில் இறங்கப் பார்க்கிறான், பக்கவாட்டுக் காற்று. காற்று வரும் பக்கம் இறக்கையைச் சாய்த்துக்கொண்டே, அதற்கு எதிர்ப் பக்கம் ரடர் கொடுக்க வேண்டும், அப்போதுதான் மூக்கு ரன்வேக்கு நேராக நிற்கும். ஒரே கையால் கைப்பிடியை வலது பக்கம் சாய்த்து இடது பக்கம் திருகிப் பாருங்கள். கதவுக் கைப்பிடியோடு மல்லுக்கட்டுவது போல இருக்கும். திருகும்போது கொஞ்சம் சாய்ந்துவிடும், சாய்க்கும்போது கொஞ்சம் திருகிவிடும். நானே உட்கார்ந்து பார்த்தேன். ஆறு தடவையில் ஆறும் விபத்து. கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை என்று பிரித்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

மனைவியின் அடுத்த கேள்வி நியாயமானது. "இது பாடமா, விளையாட்டுச் சாமானா?" எனக்கு அப்போது எட்வின் லிங்க் நினைவுக்கு வந்தார். இங்கிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில், நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டனில், அவர் அப்பாவுக்கு பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை. அந்த ஆர்கன் துருத்திகளை வைத்தே 1920-களின் கடைசியில் மகன் ஒரு குட்டி விமானம் செய்தார். தரையை விட்டு எழாது, ஆனால் ஸ்டிக்கையும் கால் பெடலையும் அசைத்தால் சாயும், திரும்பும். முதலில் அதை வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான். 1934-ல் தபால் கொண்டுபோன ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் ராணுவம் ஆறு வாங்கியது. பிறகு இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் உட்கார்ந்து பழகினார்கள். பூங்காவில் இருந்ததும் ராணுவத்தில் இருந்ததும் ஒரே பெட்டிதான். இதைச் சொன்னேன். "சரி, ஆனா நம்ம வீட்ல அது எங்க இருக்கப் போகுது, பூங்காவுலயா ராணுவத்துலயா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவளுக்குள் இன்னொரு பயமும் இருந்தது. போன வருஷம் நடந்த அகமதாபாத் விபத்துக்குப் பிறகு அவளுக்கு விமானப் பேச்சே பிடிப்பதில்லை. பெரிய விமானத்தில் காலுக்கு என்ன வேலை என்று கேட்டாள். அதிகம் இல்லை என்பதுதான் பதில். புறப்படும்போதும் இறங்கும்போதும் ரன்வேயில் நேராக வைக்க வேண்டும், ஒரு இஞ்சின் நின்றால் வேண்டும். வானத்தில் திரும்பும்போது வாலை அடக்கும் வேலையைத் தானியங்கிக் கருவியே பார்த்துக்கொள்ளும். சொல்லப்போனால் அங்கே அளவுக்கு மீறிக் கால் வைப்பதுதான் ஆபத்து. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, முன்னால் போன விமானத்தின் காற்றுச் சுழலில் சிக்கியது. துணை விமானி ரடர் பெடலை இடதும் வலதுமாக மாற்றி மாற்றி அழுத்தியதில் வால் முறிந்து குவீன்ஸில் விழுந்தது. 265 பேர் இறந்தார்கள். பெடலை அவர் தேவைக்கு மேல் அழுத்தியது, அந்த விமானத்தின் ரடர் அமைப்பு, அவருக்குக் கிடைத்த பயிற்சி என்று மூன்றையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவள் யோசித்துவிட்டுச் சொன்னது வேறு. "அப்ப ஒழுங்காக் கத்துக்கறது முக்கியம்னு சொல்றீங்க."

இடையில் என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். பெடல் ஆசை மகனுக்கு மட்டும் இல்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் 'எலைட் டேஞ்சரஸ்' விளையாடுவேன். விண்வெளியில் கப்பல் ஓட்டும் விளையாட்டு. "எனக்கும் உதவும், ரெண்டு பேருக்கும் ஒரே செலவு" என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். ஆராய்ந்தபோது அந்தக் கணக்கு உடைந்தது. விண்வெளியில் காற்றே இல்லை, அப்புறம் ரடர் எதற்கு? அப்போலோ வீரர்கள் இரண்டு கைப்பிடிகளால்தான் ஓட்டினார்கள், ஒன்று திரும்ப, ஒன்று நகர. ஸ்பேஸ் ஷட்டிலில் பெடல் இருந்தது, ஆனால் அது காற்று மண்டலத்துக்குத் திரும்பி வந்து ரன்வேயில் இறங்குவதற்கு. ஸ்பேஸ்எக்ஸ் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் டாக்கிங் சிமுலேட்டரில் எல்லாமே பட்டன்தான். விளையாட்டில் பக்கவாட்டில் நகர்வதற்குப் பெடலைப் பொருத்திக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அதற்காகவே வாங்குவது, தோசைக்கல் வாங்கி அதில் வெந்நீர் வைப்பது மாதிரி. விண்வெளி மட்டும் விளையாடும் பிள்ளை என்றால் பெடல் வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல ஸ்டிக் ஒன்று வாங்குங்கள்.

இதில் பழைய கதை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொறியியல் கவுன்சிலிங்கில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல் எடுக்க ஆசைப்பட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்று காதில் சொன்னார். எடுத்தேன். அதனால்தான் இன்று இந்த வீடு, இந்தக் கராஜ், அதில் அந்த டெலஸ்கோப். வருத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மகனுக்கு நான் வாங்குவது எது, எனக்கு நான் வாங்குவது எது என்று பிரிக்க ஒரு வாரம் ஆயிற்று.

அதே அப்பா ஆகஸ்டிலிருந்து எங்களோடுதான் இருந்தார். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். நாங்கள் பேசுவதை எல்லாம் சோபாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் டேப்பை எடுத்து வந்து பேரன் உட்காரும் நாற்காலியை அளந்தார். "ஏண்டா, இவன் கால் தரைக்கே எட்டலயே, பெடல் எப்படி எட்டும்?" என்றார். மூன்று வாரம் ரெவ்யூ படித்த எனக்கு அது தோன்றவில்லை.

அதன் பிறகு தேடல் உருப்படியாக மாறியது. புதிதாக வாங்கினால் ஆரம்ப நிலைப் பெடல்கள் நான் பார்த்தபோது 130-லிருந்து 200 டாலருக்குள் இருந்தன. அதற்கு மேல் 300, 500 என்று போகிறது, அது நமக்கு வேண்டாம். த்ரஸ்ட்மாஸ்டரின் விலை குறைந்த மாடலில் இரண்டு பெடலும் நெருக்கமாக இருக்கும். பெரியவர்களுக்கு அது குறை, சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே வசதி. லாஜிடெக் மாடல் அகலமானது, கனமானது, எவ்வளவு இறுக்கமாக இருக்கணும் என்று திருகி வைத்துக்கொள்ளலாம். பெடலின் மேல் பகுதியை விரலால் அழுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கிற வசதி இரண்டிலும் உண்டு. எக்ஸ்பாக்ஸில் விளையாடும் பிள்ளை என்றால் கவனம், கம்ப்யூட்டருக்கான எல்லாப் பெடலும் அதில் வேலை செய்யாது. பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எங்கள் டீமில் அந்தச் சமயம் ஆள் குறைப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. 170 டாலர் பெரிய தொகை இல்லை, ஆனால் அந்த மாதம் மனசு வரவில்லை. கடைசியில் எடிசனில் ஒருவர் பழையதை 70 டாலருக்கு விற்றார். அவர் மகன் கல்லூரிக்குப் போய்விட்டானாம். அவர் கராஜிலும் ஒரு டெலஸ்கோப் இருந்தது, நான் எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் வைத்து முதல் அழுத்து அழுத்தியதும் பெடல் முன்னால் போயிற்று, நாற்காலி பின்னால் போயிற்று. சக்கர நாற்காலியும் மரத் தரையும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். கார்பெட்டாக இருந்தால் அடியில் வெல்க்ரோ ஒட்டிச் சமாளிக்கலாம் என்கிறார்கள். அப்பா ஹோம் டிப்போவுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். ஒரு பிளைவுட் பலகை, நான்கு ரீப்பர் கட்டை, ஒரு டப்பா ஸ்க்ரூ. பலகையின் ஒரு முனையில் பெடல் நகராமல் கட்டை அடித்தார், மறுமுனையில் நாற்காலிச் சக்கரங்கள் உருளாதபடி அணை கட்டினார். குதிகால் வைக்க ஒரு மேடை. கால் வளர வளர பெடலைத் தள்ளி வைக்க மூன்று இடத்தில் ஓட்டை. பேரன் ஸ்க்ரூ பிடித்தான். மாமனார் குளிரில் கராஜில் உட்கார்ந்து ரம்பம் அறுப்பதைப் பார்த்து மனைவி இரண்டு தடவை காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பலகைக்கு இடம் பண்ண டெலஸ்கோப்பை அவளே நகர்த்தி வைத்தாள்.

முதல் வாரம் குழப்பம்தான். சைக்கிளில் வலது கையை முன்னால் தள்ளினால் வண்டி இடது பக்கம் போகும். பெடலில் வலது காலைத் தள்ளினால் வலது பக்கம் போகும். சைக்கிள் பழகிய பிள்ளைக்கு மூளை ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறது. அதோடு தரையில் ஓடும்போது ஸ்டிக்கைக் கார் ஸ்டியரிங் மாதிரி திருப்பும் பழக்கம் போக நாளாயிற்று. பெடல் பழையது என்பதால் நடுவில் கொஞ்சம் நடுங்கியது, செட்டிங்ஸில் சின்னதாக டெட் சோன் கொடுத்ததும் சரியாகிவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாள் லிண்டனில் பக்கவாட்டுக் காற்றில் இறங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டான். குண்டு நடுவில் இல்லையே என்றேன். "அப்பா, க்ராஸ்விண்ட்ல அது நடுவுல இருக்காது" என்றான். சரிதான், நான்தான் முழுசாகப் படிக்கவில்லை.

இது எவ்வளவு நாள் ஓடும் என்று தெரியவில்லை. 16 வயதில் தனியாகப் பறக்கலாம், கிளைடர் என்றால் 14, லைசென்ஸ் 17-ல். வீட்டில் பெடல் மிதித்த மணிகள் அந்த லைசென்ஸ் கணக்கில் ஒன்றுகூடச் சேராது, அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். யங் ஈகிள்ஸ் பறந்ததற்காக ஆன்லைன் பாடம் ஒன்று இலவசமாகக் கிடைத்திருக்கிறது, அதில் மூன்றாவது பகுதியில் நிற்கிறான்.

அப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பேரன் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தான். திருச்சி விமான நிலையம், செஸ்னா. "தாத்தா, ரைட் லெக், ரைட் லெக்!" என்று கத்தக் கத்த விமானம் இடது பக்கம் புல்லில் இறங்கியது. "நான் செஞ்ச பலகை அசையல பாரு" என்றார் அப்பா. மூன்றாவது தடவை பேரன் கை கொடுக்க மேலே எழுந்தார்கள். மலைக்கோட்டை தெரிந்தது, காவிரி தெரிந்தது. அப்பா பணிமனையைத் தேடினார். அந்த இடத்தில் கம்ப்யூட்டர் தானாக ஏதோ வீடுகளைக் கட்டி வைத்திருந்தது.

"இது பொன்மலை இல்லடா" என்றார். பேரன் இன்னும் கொஞ்சம் தாழ இறக்கி, மறுபடி ஒரு சுற்று வந்தான்.